தெற்றுப்பல்

திரையில் என் பற்கள் நகர்கின்றன,
நள்ளிரவில் பணிமனைக்குத் திரும்பும் டிராம்கள் மாதிரி
ஒவ்வொன்றும் தத்தம் தடத்துக்கு.
பதினான்கு மாதம்; நாற்பது நொடியில்.
"இன்னொரு முறை போடட்டுமா?" என்கிறார் டாக்டர் வவ்ஷின்யாக்.
போடுங்கள் என்கிறேன்.
பின்னோக்கி ஓட்ட முடியுமா என்றும் கேட்கிறேன்.
முடிகிறது.
நேரான வரிசை மெல்லக் கலைந்து
நானாகிறது.

முப்பத்தோரு ஜோடி அலைனர்.
நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாய்க்குள்.
சாப்பாட்டுக்குக் கழற்றலாம், தேநீருக்கும் கழற்ற வேண்டும்,
தண்ணீருக்கு வேண்டாம்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
ஒரு தாள் கனத்துக்கு அராவ வேண்டியிருக்கும்.
வைத்தியத் தேவை என்றால் கீழே உள்ள நெரிசல்தான்,
மேலே இருப்பது உங்கள் இஷ்டம்.
எல்லாம் முடிந்தபின் இரவில் மட்டும் ஒன்று.
எவ்வளவு காலத்துக்கு?
"ஆயுள் முழுக்க" என்றார்,
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல.

பன்னிரண்டாயிரத்து எண்ணூறு ஸ்வாட்டி.
என் சமையலறை ஜன்னல்கள் இரண்டும்
மூன்று குளிர்காலமாகக் காற்றை உள்ளே விடுகின்றன.
பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தது
பல்லுக்கே போனால் என்ன என்றும் தோன்றுகிறது.

நாங்கள் இரட்டையர்.
கிங்காவுக்கு வலப்பக்கம் தெற்றுப்பல், எனக்கு இடப்பக்கம்.
எதிரெதிரே நின்று சிரித்தால்
கண்ணாடியில் உள்ளங்கை வைத்ததுபோல் பொருந்தும்.
பள்ளியில் ஆசிரியைகள் பெயர் தெரியாமல்
"எங்கே, சிரி" என்பார்கள்.
போன வருடத்துக்கு முந்தின வருடம்,
விவாகரத்துத் தாள் கைக்கு வந்த வாரம்,
கிங்கா போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை
ரதாயே நிறுத்தத்தில் நின்று என் வண்டிக்குக் கையாட்டினாள்.
இறங்கப் போன கிழவர் கேட்டார்: "தங்கையா?"
அவள் என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள்.
சிரித்தேன்.
சிரித்தபோது கை தானாக வாய்க்குப் போனது.
எப்போதிலிருந்து போகிறது இந்தக் கை?

அன்றிரவு புகைப்படங்களைத் தரையில் பரப்பினேன்.
இருபத்தொன்பது வயதுவரை கை இல்லை.
முப்பதாவது பிறந்தநாளில் ஒரு கோப்பை வாயை மறைக்கிறது.
அதன்பின் கோப்பை, பூங்கொத்து, யாரோ ஒருவரின் தோள்.
யார் என்ன சொன்னார்கள்? ஞாபகமில்லை.
யாரும் சொல்லாமலேகூட இருக்கலாம்.

போட்டுக்கொள்ளலாமென்று இருக்கிறேன் என்றேன் போனில்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கிங்கா,
"லிஃப்ட் கண்ணாடியில் சில நாள் உன்னைத் தேடுகிறேன்,
காணோம். நீயாவது அப்படியே இரேன்."
எனக்குக் கோபம் வந்தது.
என் வாய் என்ன உன் அருங்காட்சியகமா?
ஒருநாளாவது டிக்கெட் வாங்கினாயா?
அவள் சிரித்தாள். சிரிப்பு பழைய சிரிப்புதான்.
ஸ்-களுக்குப் பஞ்சமில்லாத எங்கள் மொழியில்
அவளுடைய ஸ் மட்டும் முன்பு மெல்ல விசிலடிக்கும்,
இப்போது இல்லை.

மதிப்பீட்டுத் தாள் முப்பது நாள் செல்லும்.
இன்று இருபத்தொன்பது.
கடைசி நிறுத்தத்தில் வண்டி ஏழு நிமிடம் நிற்கும்.
கழற்று, டப்பாவில் வை, தேநீர் குடி, கொப்பளி, மாட்டு
என்று வெறுங்கையால் ஒத்திகை பார்த்தேன்.
ஐந்தே முக்கால் நிமிடம்.
நாக்கு மட்டும் போய்ப் போய் அந்த முனையைத் தொடுகிறது,
வீட்டைப் பூட்டினோமா என்று
பாதித் தெருவில் திரும்பிப் பார்ப்பவள் மாதிரி.

எண்ணை அழுத்தினேன்.
"கீழ்வரிசை மட்டும் செய்ய முடியுமா?"
"கீழ்வரிசை வெளியே தெரியாதே, மேடம்."
தெரியாதுதான்.
இறைச்சி நார் சிக்குவதும்
இரவெல்லாம் நான் அதைத் துழாவுவதும்கூட
யாருக்கும் தெரியாது.
"கடி ஒத்துப்போகுமா என்று டாக்டர் பார்க்க வேண்டும்."
பார்க்கட்டும். வியாழன், நாலரை.

மணியடித்துக் கதவுகளை மூடினேன்.
பக்கக் கண்ணாடியில் ஒரு பையன் ஓடி வந்தான்,
முதுகில் பெரிய செல்லோ பெட்டி.
மறுபடி திறந்தேன்.
மூச்சிரைக்க நன்றி சொன்னான்.
நான் சிரித்தேன்.
கை நெம்புகோலிலேயே இருந்தது.